களப்பணி நாட்களின் செலவுக் கணக்கு

சமூகப்பணி முதுகலை மாணவர்கள், சமூகநல நிறுவனம் ஒன்றில் ஊதியமில்லாமல் பயிற்சி பெறும் நாட்களைப் பற்றி எழுதும் களப்பணிப் பதிவேடுகளை வாரந்தோறும் படித்துக் கையொப்பமிடுவது பல ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. அப்படிப் படித்த பதிவேடு ஒன்றின் இடப்பக்க ஓரத்தில், பென்சிலால் எழுதிய சிறிய எண்கள் இருந்தன. நேரக் குறிப்புகளாக இருக்கும் என்று எண்ணி, முதல் சில வாரங்கள் அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் வாரத்தில் அந்த மாணவியின் வீட்டுச் சந்திப்புகள் திடீரெனக் குறைந்தன. நேரில் போய்ப் பார்க்க வேண்டிய குடும்பங்களைத் தொலைபேசியில் விசாரித்ததாகப் பதிந்திருந்தார். நேரில் செல்லாததற்குக் காரணம் என்ன என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. அடுத்த சந்திப்பின்போது பதிவேட்டைத் திறந்து, அந்தப் பென்சில் எண்களை விரலால் தொட்டுக் காட்டினார். அவை பேருந்துக் கட்டணங்கள். நிறுவனத்துக்குப் போக இரண்டு பேருந்துகள், திரும்பி வர இரண்டு, வீட்டுச் சந்திப்பு இருக்கும் நாளில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, அடியில் ஒரு கோடு போட்டிருந்தார். ஐந்தாம் வாரத்தில் அந்தக் கூட்டுத்தொகை அவர் கையில் இருந்ததைத் தாண்டிவிட்டது.

அந்த மாணவிக்கு உதவித்தொகை இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதி அவருக்குத் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. சேர்க்கைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘நிதியுதவி பெறுபவர்’ என்ற குறிப்பும் இருந்தது. அந்தக் குறிப்பைப் பார்த்த நாங்கள் எல்லோரும், அவருடைய பணக்கவலை தீர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டோம். சிவப்பு மையில் நான் எழுதிய அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆர்வக்குறைவு என்று நான் படித்தது உண்மையில் பணக்குறைவு. ஒரு குடும்பத்தின் நடத்தைக்குப் பின்னால் இருக்கும் பொருளாதார நெருக்கடியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் நான், எதிரில் அமர்ந்திருந்த மாணவியிடம் அதைப் பார்க்கத் தவறினேன்.

அன்றிலிருந்து, சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கான எந்த உதவித்தொகை அறிவிப்பைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல. அது களப்பணி நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் தேடுகிறேன். இந்தப் படிப்பில் மாணவரை முறித்துப்போடுவது பெரும்பாலும் கல்விக் கட்டணம் அன்று. அந்தத் தொகை சேரும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதற்கு ஏதோ ஒரு வழியும் செய்யப்பட்டுவிடுகிறது. ஊதியமில்லாமல் உழைக்க வேண்டிய நூற்றுக்கணக்கான மணிநேரங்கள்தான், அதுவரை பகுதிநேர வேலை செய்து சமாளித்து வந்தவரிடமிருந்து அந்த வேலையையும் பறித்துக்கொள்கின்றன. போக்குவரத்து, வெளியில் சாப்பிடும் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு எல்லாம் அதே மாதங்களில்தான் வந்து சேருகின்றன. வருமானம் குறையும் அதே வேளையில் செலவு கூடுகிறது.

அந்த மணிநேரங்கள் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் சமூகப்பணிக் கல்விக் கழகம் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 900 மணிநேரம் களப்பணி முடித்திருக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு இரண்டு முழு நாட்கள், அதாவது 16 மணிநேரம் என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்தாறு வாரங்கள் ஆகும். ஆஸ்திரேலியாவில் குறைந்த அளவு 1,000 மணிநேரம். முழுநேரப் பணியாளரைப் போல வாரம் 38 மணிநேரம் சென்றாலும் ஆறு மாதத்தை அது விழுங்கிவிடும். இங்கிலாந்தில் கணக்கு நாட்களில் வருகிறது: 170 நாட்கள் களத்திலும் 30 நாட்கள் திறன் பயிற்சியிலும் கழிய வேண்டும். இதில் ஒரு மணிநேரத்தைக்கூடக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். துயரத்தில் இருக்கும் ஒருவர் எதிரில் அமர்ந்து பேசுவதை வகுப்பறையில் கற்றுவிட முடியாது. மணிநேரங்கள் தேவையானவை என்பதால்தான் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு காலம் கேட்கப்படாமல் போனது என்று யோசித்தால், தொழிலின் பிறப்பிடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், 1869இல் லண்டனில் தொடங்கி அமெரிக்க நகரங்களுக்கும் பரவிய அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கங்களில், ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று விசாரித்தவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பங்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள். நற்பணிக்கு ஊதியம் எதிர்பார்ப்பது முறையாகாது என்ற எண்ணம் அவர்களுடைய நிலைக்கு இயல்பாகவே பொருந்தியது. பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1897இல் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது அதுதான். பள்ளிகள் வந்தன, பாடத்திட்டம் வந்தது, பட்டமும் உரிமமும் வந்தன. ஆனால் களத்துக்குப் போகிறவருக்கு வீட்டில் சோறு இருக்கிறது என்ற பழைய அனுமானம் மட்டும் யாரும் தொட்டுப் பார்க்காமலே பாடத்திட்டத்துக்குள் தங்கிவிட்டது என்பது என் எண்ணம். இன்று இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர், அந்தத் தன்னார்வலர்கள் கதவைத் தட்டிய வீடுகளைப் போன்ற வீடுகளிலிருந்து வருகிறார்கள். படிப்பின் அமைப்பு அந்த மாற்றத்துக்கு இன்னும் ஈடுகொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் மாணவர்கள் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: களப்பணி வறுமை. பெயர் வைத்ததும் அது தனிமனிதரின் சிக்கனக் குறைபாடாகத் தெரிவது நின்று, திட்டத்தின் குறைபாடாகத் தெரியத் தொடங்கியது. பல ஆண்டுப் பரப்புரைக்குப் பிறகு, ஆசிரியர் பயிற்சி, செவிலியம், பேறுகாலச் செவிலியம், சமூகப்பணி ஆகிய துறைகளில் கட்டாயக் களப்பயிற்சியில் இருக்கும் மாணவர்களுக்கு வாராந்திரத் தொகை வழங்கப்படும் என்று அந்நாட்டு அரசு 2024 மே மாதத்தில் அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட தொகை வாரத்துக்கு 319.50 ஆஸ்திரேலிய டாலர்; திட்டம் 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொகை போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அரசின் வருமான உதவி பெறுபவர், அல்லது களப்பயிற்சிக்கு முன் வாரம் 15 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்துவந்தவர் போன்ற தகுதி வரம்புகளும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. ஆனாலும் இத்திட்டத்தை நான் மதிக்கிறேன். மதிப்பெண்ணுக்கான பரிசாகவோ வறுமைக்கான இரக்கமாகவோ தராமல், களத்தில் கழியும் வாரங்களுக்கு என்று குறிப்பிட்டே இந்தப் பணம் தரப்படுகிறது. சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஏற்பாடு இதைவிடப் பழையது. தேசிய சுகாதாரச் சேவையின் வணிகச் சேவைகள் ஆணையம் வழியாக வழங்கப்படும் சமூகப்பணி உதவித்தொகையில், முதுகலை மாணவருக்கு அடிப்படைத் தொகையாக ஆண்டுக்கு 3,362.50 பவுண்டும் லண்டனில் படிப்பவருக்கு 3,762.50 பவுண்டும் நீண்டகாலம் தரப்பட்டுவந்தன. கல்விக் கட்டணத்துக்கென்று 4,052 பவுண்டு வரை தனியாகச் செலுத்தப்பட்டுவந்தது. இதில் இரண்டு குறைகள் உண்டு. உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால் எந்தெந்த மாணவருக்குக் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகமே வரிசைப்படுத்தி அனுப்புகிறது. ஆகவே படிப்பில் இடம் கிடைத்த எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. தொகையும் 2014க்குப் பிறகு பத்தாண்டுகள் உயர்த்தப்படாமலே கிடந்தது. இருந்தும் அந்தத் திட்டத்தில் ஒரு சிறு கூறு எனக்குப் பிடித்தமானது. களப்பணிப் பயணத்துக்கு என்றே ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது; நீண்டகாலம் அது 862.50 பவுண்டாக இருந்தது. வரிசையில் இடம் பெறாமல் முழு உதவித்தொகையை இழந்த மாணவரும் அந்தப் பயணப்படியைக் கேட்டுப் பெறலாம். இது தெரியாமல், உதவித்தொகை இல்லை என்ற கடிதத்தைப் பார்த்ததும் கோப்பை மூடிவைத்துவிடும் மாணவர்கள் இருப்பார்கள் என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பயணப்படி என்று ஒரு வரி இருந்திருந்தால், என் மாணவியின் பதிவேட்டு ஓரத்தில் அந்தப் பென்சில் எண்கள் இருந்திருக்காது.

அமெரிக்காவில் ஒரே திட்டம் என்று எதுவும் இல்லை. துண்டு துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துத் தைத்துக்கொள்ள வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்து இளங்கலை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் முதுகலைக்குக் கிடையாது. படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் கடன் 2012 ஜூலையோடு முதுகலை மாணவர்களுக்கு நின்றுபோனது. முழுச் செலவுக்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டம், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. அதே சட்டம் தொழில்முறைப் பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரையும், மற்ற முதுகலைப் படிப்புகளுக்கு 20,500 டாலர் வரையும் என்று இரண்டு உச்சவரம்புகளைப் பிரித்தது. எது தொழில்முறைப் பட்டம் என்று அந்நாட்டுக் கல்வித் துறை 2025 நவம்பரில் முன்வைத்த வரையறையில் மருத்துவமும் சட்டமும் இருந்தன, சமூகப்பணி இல்லை. உரிமம் பெற்ற பிறகே பல பணிகளைச் செய்ய முடிகிற ஒரு தொழிலை, தொழில் அல்ல என்று கணக்கேட்டில் எழுதுவது எனக்கு ஏற்கவே முடியாததாக இருக்கிறது. இந்த வரையறை வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. கடன் வரம்பைத் தாண்டிய செலவுக்குத் தனியார் கடனைத் தேடிப் போவதா, படிப்பைப் பகுதிநேரமாக நீட்டிக்கொள்வதா என்ற முடிவுகள் அதன் பின்னால் நிற்கின்றன.

அங்கே கடன் அல்லாத பெரிய உதவிகள் பெரும்பாலும், படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட துறையில் சில காலம் வேலை செய்தாக வேண்டும் என்ற பணிக்கடப்பாட்டோடு வருகின்றன. குழந்தைகள் நலத் துறையில் பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களுக்கான, சட்டப் பிரிவின் பெயரால் ‘நான்காம்-இ’ என்று அழைக்கப்படும் உதவித்தொகை, 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக வந்தது. பயிற்சிச் செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கிறது. கலிபோர்னியாவில் 1990 முதல் பெர்க்லி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்கும் சமூகப்பணிக் கல்வி மையத்தின் கீழ், முழுநேர முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 18,500 டாலர் என்ற தொகை நீண்டகாலம் இருந்தது. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுக் குழந்தைகள் நலப் பணி என்பது நிபந்தனை. மனநலப் பணியாளர் பற்றாக்குறையைப் போக்க மத்திய அரசின் இன்னொரு திட்டம், களப்பயிற்சியில் இருக்கும் முதுகலை மாணவருக்கு 10,000 டாலர் அளித்துவந்திருக்கிறது. சமூகப்பணிக் கல்விக் கழகமே 1974இல் சிறுபான்மையினருக்கான உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. படித்து முடித்த பின் அரசு அல்லது இலாபநோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரம் பணியாற்றியபடி 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடியாகும் ஏற்பாடு 2007இல் வந்தது. இது சமூகப்பணியாளர்களுக்கு என்றே செய்ததுபோலப் பொருந்தும். ஆனால் தகுதியான கடனா, தகுதியான தவணைத் திட்டமா, தகுதியான வேலையளிப்பவரா என்ற மூன்றையும் முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பத்தாண்டு கழித்துப் பார்க்கலாம் என்று விட்டவர்களில் பலர் அந்தப் பத்தாண்டையும் இழந்திருக்கிறார்கள்.

பணிக்கடப்பாட்டோடு வரும் உதவித்தொகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். இரண்டு ஆண்டு பணம், அதற்கு ஈடாக இரண்டு ஆண்டு வேலை என்று கேட்கும்போது நியாயமாகவே இருக்கிறது. வேலை உறுதி என்பது கூடுதல் ஆறுதல். நானும் பொதுவாக இதை எதிர்ப்பவன் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் தொகை எழுதியிருக்கும் பக்கத்தைப் படிக்கிறார். கடப்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கும் பக்கம் கடைசியில் இருக்கிறது. படிப்பு முடியும்போது அந்தத் துறையில் காலியிடமே இல்லையென்றால் யார் பொறுப்பு? வேலை தேட எத்தனை மாத அவகாசம்? தொலைவில் உள்ள மாவட்டத்தில் வேலை கொடுத்தால் மறுக்க முடியுமா? நோய், மகப்பேறு, பெற்றோரைக் கவனிக்க வேண்டிய நிலை போன்றவற்றுக்குக் காலநீட்டிப்பு உண்டா? பாதியில் விலகினால் பெற்ற முழுத்தொகையையும் திருப்ப வேண்டுமா, பணியாற்றிய மாதங்களைக் கழித்துக்கொள்வார்களா, வட்டி எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும்? உதவித்தொகையாகக் கையெழுத்திட்டது ஒரே இரவில் கடனாக மாறும் இடம் அந்தக் கடைசிப் பக்கம்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே கையெழுத்திட வேண்டும். குழந்தைகள் பாதுகாப்புப் பணி எல்லோருக்கும் ஏற்றதன்று. அடிபட்ட குழந்தையின் உடலைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதும் வேலை, இருபத்து மூன்று வயதில் ஒருவருக்குப் பொருந்துமா என்பதைக் களத்தில் சில மாதங்கள் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒப்பந்தமோ அதற்கு முன்பே கையெழுத்தாகிவிடுகிறது. ஆகவே முதலாண்டுக் களப்பணியை அந்தத் துறையிலேயே செய்துவிட்டு, இரண்டாம் ஆண்டுக்கு மட்டும் அந்த உதவித்தொகையைக் கேட்க வாய்ப்பிருந்தால் அந்த வழியையே நான் பரிந்துரைக்கிறேன். தொகை பாதியாகும், கடப்பாடும் பாதியாகும்.

வெளிநாட்டில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைப் படிப்புகளுக்கானது. இங்கிலாந்தில் சமூகப்பணியாளராகப் பதிவு பெறத் தகுதி தரும் முதுகலை பொதுவாக இரண்டு ஆண்டுகள். பெயரில் சமூகப்பணி இருக்கும் ஓராண்டுப் பட்டத்தை உதவித்தொகைக்காகத் தேர்ந்தெடுப்பவர், அது பதிவுக்கு வழிவகுக்கும் பட்டமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கொள்கை, ஆய்வு ஆகியவற்றுக்குப் போகிறவருக்கு அந்தப் பட்டமே போதும். நேரடிப் பணி செய்ய விரும்புகிறவருக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தின்கீழ் லிஸ்பன், கோதன்பர்க், ஸ்டாவாங்கர், உகாண்டாவின் மக்கெரரே ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து குடும்பங்கள், குழந்தைகள் சார்ந்த சமூகப்பணிக்கு ஒரு கூட்டு முதுகலையை உருவாக்கின. பதிவுக்கு வழிவகுக்குமா என்ற இதே கேள்வி அத்தகைய கூட்டுப் பட்டங்களுக்கும் பொருந்தும்.

இனி விண்ணப்பப் படிவத்துக்கு வருகிறேன். மற்றத் துறை மாணவருக்கு நிதியுதவிப் படிவம் ஓர் அலுவலகத் தொல்லை மட்டுமே. சமூகப்பணி மாணவருக்கு அது வேறொன்று. குடும்ப வருமானம், வீட்டில் எத்தனை பேர், யார் யார் சம்பாதிக்கிறார்கள், கடன் உண்டா, நோயாளிகள் உண்டா என்று அந்தப் படிவம் கேட்பவை எல்லாம், நாளை அவர் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்து இன்னொருவரிடம் கேட்கப்போகும் கேள்விகள். முதல்முறையாக அந்த மேசையின் மறுபக்கத்தில் அவர் அமர்கிறார். உதவிக்குத் தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்று மனிதர்களைப் பிரித்த அந்தப் பழைய சங்கங்களின் வரலாற்றைக் காலையில் வகுப்பில் படித்துவிட்டு, மாலையில் தன் தகுதியை நிரூபிக்கும் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டிருக்கும் மாணவரின் கூச்சத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சத்தால் விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் உண்டு.

ஒரு மாணவர் எழுதிய தன்விளக்கக் கடிதத்தின் முதல் வரைவு என் நினைவில் இருக்கிறது. முழுக்க முழுக்கத் துயரமாக இருந்தது. தந்தையின் நோய், வீட்டை இழந்தது, தங்கையின் படிப்பு நின்றது. எழுதியவை எல்லாம் உண்மை. ஆனால் படித்து முடித்தபோது அந்த மாணவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு நேர்ந்தவை மட்டுமே தெரிந்தன. இதை நம்மிடம் உதவி தேடி வரும் சேவைநாடி ஒருவரின் அறிக்கையாக எண்ணிப் படித்துப் பாருங்கள், அவருடைய வலிமைகள் என்ற தலைப்பின் கீழ் எதை எழுதுவீர்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் அமைதியாக இருந்தார். இரண்டாம் வரைவில், தந்தையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன நாட்களில், படிவம் நிரப்பத் தெரியாமல் நின்ற மற்ற நோயாளிகளின் குடும்பத்தினருக்கு வரிசையிலேயே நின்று எழுதிக்கொடுத்ததைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தார். அதில் ஒரு முதியவர் தன் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டதும், எந்தக் காப்பீட்டு எண் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை இவர் மூன்றாம் நாளில் கண்டுபிடித்ததும் இருந்தன. துயரம் அந்தப் பத்தியிலும் இருந்தது, ஆனால் பின்னணியாக. உதவித்தொகைக் குழு தேடுவது அந்தப் பத்தியைத்தான். பணத்தேவையைச் சொல்ல எண்கள் போதும்; அவை படிவத்தில் தனியாக இருக்கின்றன. கடிதம் வேலையைச் சொல்ல வேண்டும்.

எண்களைப் பொறுத்தவரை, பொதுவான வார்த்தைகளைவிட ஒரு மாதத்தின் உண்மையான கணக்கு வலிமையானது. களப்பணி இல்லாத ஒரு மாதத்தின் வரவுசெலவையும், களப்பணி உள்ள ஒரு மாதத்தின் வரவுசெலவையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள் என்று நான் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். இழந்த பகுதிநேர ஊதியத்தையும் இரண்டாவதில் சேர்க்க வேண்டும். பலரும் அதைச் செலவாகவே கருதுவதில்லை. இந்த ஒரு தாளோடு நிதியுதவி அலுவலகத்துக்குப் போகிறவருக்கும், கஷ்டமாக இருக்கிறது என்று வாயால் சொல்லப் போகிறவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. சூழ்நிலை மாறியதை ஆவணத்தோடு காட்டினால் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் பல நாடுகளின் நிதியுதவி அலுவலர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் அது சட்டத்திலேயே இருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர்கள் தாமாகவே பயன்படுத்துவது அரிது. கேட்க வேண்டும்.

சிறிய தொகைகளை யாரும் மதிப்பதில்லை என்பதும் என் குறை. துறையின் முன்னாள் மாணவர் நிதி, தொழில்முறைச் சங்கங்களின் ஒருமுறை மானியம், கல்லூரியின் அவசரக்கால நிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் குறைவு. பெரிய உதவித்தொகைக்கு ஆயிரம் பேர் போட்டியிடும்போது இவற்றில் சில ஆண்டுகள் பணம் கேட்பாரற்று மீந்துபோவதுகூட உண்டு. ஒரு பருவத்தின் பேருந்துச் செலவு பெரும்பாலும் இந்தச் சிறிய தொகைக்குள் அடங்கிவிடும். அதேபோலக் களப்பணி அலுவலகத்திடம், ஊதியமோ ஊக்கத்தொகையோ தரும் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டும். ஏற்கெனவே ஒரு சமூகநல நிறுவனத்தில் வேலை செய்கிறவர், கற்றல் நோக்கங்கள் தெளிவாக இருந்தால், தன் பணியிடத்திலேயே களப்பணி செய்ய அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. சமூகப்பணியில் இளங்கலை முடித்தவருக்கு அங்கே பல கல்லூரிகள் முதலாண்டிலிருந்து விலக்கு அளித்து ஓராண்டில் முதுகலையை முடிக்க விடுகின்றன. ஓராண்டுச் செலவே இல்லாமல் போவதைவிடப் பெரிய உதவித்தொகை எது?

கற்பிக்கும் எங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. யாருக்கு எந்த நிறுவனம் என்று ஒதுக்கும்போது மாணவரின் ஆர்வத்தையும் நிறுவனத்தின் தேவையையும் பார்க்கிறோம், தொலைவைப் பார்ப்பதில்லை. அரசுகளுக்கும் வழி தெரியாமல் இல்லை: இங்கிலாந்தில் 2010இல் தொடங்கிய ஸ்டெப் அப் என்ற விரைவுத் திட்டம் பதினான்கு மாதப் படிப்புக்குக் கட்டணத்தையும் ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தருகிறது. குழந்தைகள் நலப் பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது அரசால் அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. ஆள் தேவை என்பது எல்லாத் துறைகளிலும் இருக்கும்போது, வழி மட்டும் ஏன் ஒரு துறைக்குச் சுருங்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் அளவில் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். என்னிடம் வரும் மாணவர்களின் களப்பணிப் பதிவேட்டில் இப்போது தேதி, நேரம், சந்தித்தவர், நோக்கம் என்ற பத்திகளோடு பயணச் செலவு என்று ஒரு பத்தி அச்சிடப்பட்டிருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அந்தப் பத்திகளைக் கூட்டி, பெயர்களை நீக்கிவிட்டு, துறைத் தலைவருக்கும் நிதியுதவி அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். மூன்றாம் ஆண்டு அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுபோனபோது, அவசரக்கால நிதியிலிருந்து களப்பணிப் பயணத்துக்கு என ஒரு சிறு பங்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். சென்ற பருவத்தில் அதிலிருந்து ஏழு பேருக்குக் கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் பத்தொன்பது பேர். மீதிப் பன்னிரண்டு பேரின் தாள்களை அடுத்த கூட்டத்துக்காகத் தனி உறையில் எடுத்து வைத்திருக்கிறேன்.